நட்டு இறுக்காத சக்கரம்

1. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எனக்கு ஒதுக்கப்பட்ட மூன்றாம் எண் நிறுத்துமிடத்தில், என் காரின் இடது முன் சக்கரத்தைக் கழற்றினேன். பேரிங் தேய்ந்துபோயிருந்தது.

2. அன்று மாலை லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. ஞாயிறு காலை கீழ்த்தளத்தில் செயலாளர் மகளுக்கு வளைகாப்பு; சனிக்கிழமை இரவுக்குள் எல்லா வண்டிகளையும் வெளியே எடுக்க வேண்டும்.

3. வெள்ளிக்கிழமை, கழற்றிய பாகத்தைக் கோவில்பதாகையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புது பேரிங் ஏற்றி வந்தேன்.

4. சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குள் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தேன். நடுவில் இருக்கும் பெரிய நட்டு ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கவில்லை. அதற்கான கருவி கம்பெனியில் இருந்தது.

5. அதை எடுத்துவர இரண்டரை மணிக்குக் கிளம்பினேன்.

6. நான்கே முக்காலுக்குத் திரும்பியபோது, பந்தல்காரர்கள் நான்கு பேர் என் காரைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் பக்கத்தில் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் என்னிடம் கேட்கவில்லை.

7. புது பேரிங் கெட்டுவிட்டது.

8. என்மீது புகார் வந்தால் மேற்கண்டவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.

சனிக்கிழமை மாலை ஆறரைக்கு வீட்டு உரிமையாளருக்கு நான் அனுப்பிய செய்தி இது. அந்த மேடம் ஓசூரில் இருக்கிறார். எட்டு வரிகளிலும் பொய் கிடையாது. படங்களும் இணைத்திருந்தேன். விட்டுப்போனவை சில உண்டு.

முதலில், ஏன் அவசரமாக அனுப்பினேன் என்பது. நான்கு மாதம் முன்பு இதே இடத்தில் பிரேக் பேட் மாற்றினேன். தரையில் உள்ளங்கை அளவு எண்ணெய்க் கறை விழுந்தது. செயலாளர் அதைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டார். உரிமையாளர் என்னைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இன்னொரு தடவை அவர் எனக்கு போன் பண்ற மாதிரி ஆச்சுன்னா, நீங்க வேற வீடு பாத்துக்கோங்கம்மா." தனியாக இருக்கும் பெண் என்பதால் அயனம்பாக்கத்தில் வீடு கிடைக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பம்பு செய்யும் ஒரு கம்பெனியில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். இந்த வீட்டை விட எனக்கு மனமில்லை. ஆகவே செயலாளரின் புகார் போவதற்கு முன்பு என் புகார் போக வேண்டும் என்று நினைத்தேன்.

செயலாளருக்கு அறுபதை ஒட்டிய வயது. கட்டடம் நிற்கும் மனை அவர்கள் குடும்பத்து வயல். பில்டருக்குக் கொடுத்து, பதிலுக்கு நான்கு வீடுகள் வாங்கிக்கொண்டார்கள். கட்டடம் எழுந்த நாளிலிருந்து அடுக்குமாடிச் சங்கத்துக்கு அவரே செயலாளர். தண்ணீர் லாரி எங்கே நிற்க வேண்டும், செருப்பு ஸ்டாண்டு எத்தனை அடி இருக்கலாம், யார் வீட்டுக்கு எத்தனை பேர் வந்து தங்கலாம் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரும். என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மூணாவது மாடி" என்பார்.

வண்டிக்குப் பதினான்கு வயது. சிறிய கார். இடது பக்கத்தில் மாவு மில் ஓடுவது போன்ற சத்தம் ஆறு மாதமாக இருந்தது. வேகம் நாற்பதைத் தாண்டினால் தொடங்கும். வலது பக்கம் திருப்பினால் கூடும். இடது பக்கம் திருப்பினால் குறையும். இடது முன் பேரிங் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. முதலில் ஒரு மெக்கானிக்கிடம்தான் விட்டேன். விடுவதற்கு முன், பழக்கதோஷத்தால், சக்கரம் பூட்டும் ஹப்பின் உட்புறம் பேரிங் விளிம்பில் மஞ்சள் பெயின்டால் ஒரு புள்ளி வைத்தேன். கம்பெனியில் சோதித்த பாகங்களுக்கெல்லாம் அப்படி வைப்போம். இரண்டு நாள் கழித்து "மாத்தியாச்சு மேடம், புதுசு" என்றார். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சுற்றிலும் புது கிரீஸ் பளபளத்தது. நடுவில் என் மஞ்சள் புள்ளி அப்படியே இருந்தது. அதன் பிறகு அவரிடம் நான் பேசவில்லை. வேலையை நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

வியாழக்கிழமை விடுமுறை. சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கை ஒதுக்கிக் கம்பியில் கட்டி, ஹப் உட்கார்ந்திருக்கும் இரும்புப் பாகத்தைத் தனியே எடுக்க மதியம் ஆகிவிட்டது. இரண்டு போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. செயலாளர் பதினோரு மணிக்கு ஒரு முறை, பன்னிரண்டுக்கு ஒரு முறை, இரண்டுக்கு ஒரு முறை வந்து நின்றார்.

"இன்னாமா, ஒர்க் ஷாப்பு தொறந்துகினியா?"

"ஒரு பேரிங் சார். கீழே அட்டை விரிச்சிருக்கேன். கறை விழாது."

"அட்ட விரிச்சா அது வேற எடமாய்டுமா? குடும்பம் பொழங்கற எடம். மெக்கானிக்கு இல்லாத ஊரா இது?"

"இருக்காங்க சார். அதான் நானே பண்றேன்."

அவர் சிரிக்கவில்லை. மாலையில் நோட்டீஸ் வந்தது.

அவர் மகளுக்கு ஏழாம் மாதம் என்பது கட்டடம் முழுக்கத் தெரியும். தேதியும் ஒரு வாரம் முன்பே குறித்தாயிற்றாம். நோட்டீஸ் மட்டும் என் வண்டி மூன்று சக்கரத்தில் நின்ற அன்று ஒட்டப்பட்டது. இதை நான் உரிமையாளருக்கு எழுதவில்லை. நிரூபிக்க முடியாததை எழுதும் வழக்கம் எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். அந்த இரும்புப் பாகத்தைச் சாக்கில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் கோவில்பதாகை போனேன். பழைய பேரிங்கை வெளியே தள்ளவும் புதியதை உள்ளே இறக்கவும் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். வீட்டில் முடியாத வேலை அது ஒன்றுதான். பட்டறைக்காரர் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் பின்னால் பார்த்தார்.

"மெக்கானிக்கு எங்கமா? அவன வரச் சொல்லு."

"நான்தான்."

"நீயா? சரி, வச்சிட்டுப் போ. ரெண்டு தட்டு தட்டி எறக்கி வைக்கறேன்."

"தட்டக் கூடாதுண்ணா. பிரஸ்ல இறக்குங்க. வெளி ரிங்கை மட்டும்தான் தள்ளணும். உள் ரிங்கைத் தள்ளினா குண்டு உக்கார்ற இடத்துல பள்ளம் விழும்."

அவர் உள்ளே திரும்பி, கடைசல் இயந்திரத்தில் நின்றவரிடம் கத்தினார். "மாமே, கேட்டுக்கினியா? ரோட்ல கீற பள்ளம் பத்தலன்னு பேரிங்ல வேற பள்ளம் உய்தாம்!"

"அப்ப கார்ப்பரேசனுக்குப் போன் போடு மாமே" என்றார் உள்ளே இருந்தவர்.

நான் சிரிக்காமல் நின்றேன். பழைய பேரிங்கின் வெளி ரிங்கைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். புதியதன்மேல் அதை வைத்து அழுத்தினால் சரியான இடத்தில்தான் பாரம் விழும். ஹப்பை ஏற்றும்போது அடியிலிருந்து உள் ரிங்குக்கு முட்டுக் கொடுக்கவும் சொன்னேன். முட்டுக்கு ஏற்ற குழாய்த்துண்டை அவருடைய குப்பையிலிருந்து நானே தேடி எடுத்தேன். அவருக்கு எரிச்சல். ஆனாலும் சொன்னபடி செய்தார். முடிந்ததும் ஹப்பை ஒரு விரலால் சுழற்றினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. "போமா, போய் உன் ஆபீஸ்ல மார்க்கு போட்டுக்கோ" என்றார்.

சனிக்கிழமை காலையில் மாட்ட உட்கார்ந்தேன். செயலாளர் இன்று மணிக்கொரு முறை வந்தார். அவரோடு பந்தல்காரர், சமையல்காரர், நாற்காலி கொண்டுவந்தவர் என்று ஆளாளுக்கு வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று அளவெடுத்தார்கள். சாம்பார் அண்டா எங்கே, பந்தி எந்த வரிசை என்று என் தலைக்கு மேலே முடிவானது.

"இன்னும் எவ்ளோ நேரம் இந்தக் கூத்து?" என்றார் செயலாளர்.

"சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுவேன் சார். நோட்டீஸ்ல ராத்திரி வரைக்கும்னு இருக்கு."

"நோட்டீசு எய்தினது நான். எனக்கே படிச்சுக் காட்டறியா? நாளிக்கு மாப்ள ஊட்டுக்காரங்க வருவாங்க. அவுங்க முன்னாடி இது ஜாக்கி மேல கால தூக்கினு நிக்கணுமா?"

இந்த இடத்தில் நான் செய்தது சரியான வேலை இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அந்த நட்டைக் குறிப்பிட்ட விசைக்கு இறுக்கும்வரை வண்டியின் பாரத்தை அந்தச் சக்கரத்தில் இறக்கக் கூடாது. பேரிங்கின் உள் ரிங் இரண்டு பாதிகளாக இருக்கும். நட்டின் பிடிதான் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. பிடி இல்லாமல் சக்கரம் உருண்டால் குண்டுகள் தம் பாதையின் விளிம்பில் ஏறி அதை நசுக்கும். புத்தம் புது பேரிங் சில அடி தூரத்தில் பழசாகிவிடும். இதெல்லாம் தெரிந்தும், அவர் வாயை அடைக்க, சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கினேன். நட்டைச் சாதாரண ஸ்பானரால் கைக்கு வந்த அளவு திருகினேன். அசையாமல் நின்றால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்ப்பவர்களுக்கு வேலை முடிந்த வண்டிபோலத் தெரிந்தது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. செயலாளர் தூரத்திலிருந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் கம்பெனி ஸ்டோரில் இருக்கிறது. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்குத்தான் வெளியே தருவார்கள். கேட் பாஸ் போட்டு, கையெழுத்து வாங்கி, பெட்டியோடு பஸ்ஸில் திரும்பினேன். நிறுத்தத்தில் இறங்கி எங்கள் தெருவில் திரும்பும்போது, என் வண்டி பின்பக்கமாகக் கேட்டை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது.

நான்கு பேர் முன்னாலிருந்து தள்ளினார்கள். வாசல் சரிவில் இறங்கி, கால்வாய் மூடிமேல் ஒரு குதி குதித்து, தெருவில் குறுக்காக நின்றது.

"நிறுத்துங்கண்ணா! நிறுத்துங்க! நட்டு இறுக்கல!"

"இன்னா நட்டு? நாலு வீலும் கீதே!" என்றார் முன்னால் நின்றவர்.

"தள்ளாதீங்க, அப்படியே விடுங்க!"

"அப்டியே வுட்டா ரோட்ட அடச்சிகினு நிக்கும். மத்த வண்டிங்க இன்னா, வானத்துலயா போவும்? தூக்கு மாமே!"

நான் ஓடி வருவதற்குள் பின்பக்கத்தை நான்கு பேரும் சேர்த்துத் தூக்கி, ஓரமாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். ஸ்டீயரிங் பூட்டியிருந்தது. முன் சக்கரங்கள் தார்மேல் பக்கவாட்டில் தேய்ந்து திரும்பின. இடது பக்கத்திலிருந்து ஒரு 'டக்' கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

செயலாளர் கேட்டுக்குள்ளிருந்து நிதானமாக வந்தார். "இன்னாத்துக்கு நடு ரோட்ல கூவற?"

"என் வண்டியை ஏன் தொட்டீங்க? ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"தோ பார்ரா. நீதான நியூட்ரல்ல வுட்டுட்டுப் போன? ஹேண்ட் பிரேக்கும் போடல. அப்ப அதுக்கு இன்னா அர்த்தம்? தள்ளிக்கோன்னுதான அர்த்தம்?"

"வேலை நடக்கற வண்டி சார் அது."

"மதியானம் நாலு சக்கரத்துல ஜம்முனு எறக்கி வச்ச. நான்தான் பாத்தேனே. வேல நடக்குதுன்னு நெத்தில எய்தி ஒட்டிகினா போன?"

பந்தல்காரர்கள் சிரித்தார்கள்.

நான் உரிமையாளருக்கு எழுதாமல் விட்டது இதைத்தான். எங்கள் கட்டடத்தில் பதினாறு வீடுகளுக்கு ஒன்பது நிறுத்துமிடங்கள். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வண்டிகளை நிறுத்த முடியும். ஆகவே எல்லோரும் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுத்தான் மாடிக்குப் போவோம். காலையில் யாருக்கு அவசரமோ அவர்கள் மற்றவர் வண்டியைத் தள்ளிவிட்டுத் தம் வண்டியை எடுப்பார்கள். யாரையும் எழுப்ப வேண்டாம், சாவி கேட்க வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் போகிறவருக்குத்தான் திட்டு விழும். இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று நாளாவது செயலாளரின் வெள்ளை வண்டியை நானே தள்ளியிருக்கிறேன், அவரிடம் ஒருமுறைகூடக் கேட்காமல்.

அன்று பகல் ஒரு மணிக்கு, கையைத் துடைத்துக்கொண்டு, நான் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது. கியரில் போட்டு, பிரேக்கை இழுத்து, கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் வண்டி நகர்ந்திருக்காது. கம்பெனியில் பழுதுபார்க்கும் எந்த இயந்திரத்திலும் சிவப்பு அட்டை தொங்கவிடாமல் நான் நகர்ந்ததில்லை. மற்றவர்கள் மறந்தால் குறிப்பாணை எழுதுகிறவள் நான்.

தெருவிலேயே நட்டை இறுக்கினேன். ரெஞ்ச் 'க்ளிக்' என்றது. அளவு சரி. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றினேன். கையில் மணல் அரைபடுவதுபோல் ஓர் உரசல் தெரிந்தது. ஏரிக்கரைச் சாலையில் ஒரு சுற்று ஓட்டினேன். நாற்பதில் சத்தம் தொடங்கியது. பழைய சத்தத்தைவிட மெல்லியது, ஆனால் அதே சத்தம். திரும்பி வந்து வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, மேலே போய் அந்த எட்டு வரிகளை எழுதினேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் செயலாளர் மனைவி குங்குமத் தட்டோடு கதவைத் தட்டினார். பட்டுப்புடவையில் வேர்த்திருந்தார்.

"வாமா, வந்து வளையல் போட்டுகினு ஒரு வாய் சாப்ட்டுப் போ. அந்த மனுசன் அப்டித்தான், ஊட்லயும் அப்டித்தான். அத்தெல்லாம் மனசுல வச்சிக்காத."

"வேலை இருக்கும்மா."

"ஞாயித்துக்கெழம இன்னா வேல? பொண்ணு உன்னக் கேட்டா."

அந்தப் பெண் என்னைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. லிஃப்டில் இரண்டு முறை சிரித்திருக்கிறோம், அவ்வளவுதான். குங்குமம் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். அந்த அம்மாமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இருந்தும் வேகமாகத்தான் சாத்தினேன். கீழே நாயனம் தொடங்கியது. பதினோரு மணிக்குக் கலவை சாதங்களின் வாசம் படியேறி வந்தது. நான் உப்புமா செய்து சாப்பிட்டேன்.

அன்று மாலை செயலாளர் கட்டடத்து வாட்ஸாப் குழுவில் மூன்று படங்கள் போட்டார். கார் கண்ணாடி வழியாக எடுத்தவை: நியூட்ரலில் நிற்கும் கியர், கீழே இறங்கியிருக்கும் ஹேண்ட் பிரேக், வெறும் முன்கண்ணாடி, எந்தத் தாளும் இல்லாமல். தள்ளுவதற்கு முன்பே எடுத்திருக்கிறார். அதைப் பார்த்தபோது, கோபத்தையும் மீறி, இந்த மனிதர் எங்கள் பிரிவில் நன்றாக வேலை செய்வார் என்று தோன்றியது. அதே படங்கள் ஓசூருக்கும் போயிருந்தன.

திங்கள் மதிய உணவு நேரத்தில் உரிமையாளர் கூப்பிட்டார்.

"உங்க லிஸ்ட்ல ஹேண்ட் பிரேக் பத்தி ஒண்ணுமே இல்லையேம்மா."

"இல்ல மேடம்."

"மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல மேடம். எழுதல" என்றேன்.

"அவர் பண்ணினதும் சரியில்லதான். சொல்லாம தொட்டிருக்கக் கூடாது. அதையும் அவர்கிட்ட சொல்லிட்டேன். ஆனா எனக்கு அங்க ஒரு வீடுதான் இருக்கு. அவரைப் பகைச்சிக்கிட்டு என்னால வச்சிருக்க முடியாது. இவ்ளோ நீட்டா நம்பர் போட்டு எழுதறீங்க, முக்கியமானத விட்டுட்டீங்க. இனிமே நீங்க எது சொன்னாலும் நான் அவரையும் ஒரு தடவ கேக்கணும். அது எனக்கு வேண்டாம்மா."

ஒன்பதாவது வரியாக அதையும் எழுதி அன்றே அனுப்பினேன். நியூட்ரலில் விட்டது நான். அறிவிப்பு வைக்காதது நான். இறுக்குவதற்கு முன் வண்டியைத் தரையில் இறக்கியதும் நான். பார்த்ததற்கான நீலக்குறி வந்தது. பதில் வரவில்லை. அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில், கீழ்த்தளத்தில் யாரும் எந்தப் பழுதுவேலையும் செய்யக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். பதினாறு வீடுகளில் பதினொன்று கை தூக்கின. வாடகைக்கு இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை.

இன்னொரு பேரிங் வாங்கிவிட்டேன். அலமாரியில், உறை பிரிக்காமல் இருக்கிறது. வேலை செய்யத்தான் இடம் இல்லை. வீடு தேடிக்கொண்டிருக்கிறேன், இதுவரை முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் போய் ஆறு வீடுகள் பார்த்தாயிற்று. கார் நிறுத்த இடம் உண்டா என்று நான் கேட்பதற்கு முன், தனியாகவா இருப்பீர்கள் என்று அவர்கள் கேட்டுவிடுகிறார்கள்.

ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. உரிமையாளர் புதுப்பிக்கப் போவதில்லை என்று எழுத்தில் தந்துவிட்டார். செயலாளரும் நானும் பேசுவதில்லை. கார் ஓடுகிறது, இடது முன் சக்கரம் சத்தம் போடுகிறது, நாற்பதைத் தாண்டாமல் வேலைக்குப் போய் வருகிறேன்.